ஆயிரம் வெள்ளிக்குள் போர்டும் பிராசசரும்: எதை வாங்குவது?

ராவாங்கிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பது இன்டெல் ஐ5-6500 பிராசசர், எச்110 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. மகள் பாலிடெக்னிக் போகிறாள், வீடியோ எடிட்டிங் வேலை வரும். மகன் வாலரண்ட் கேம் ஆடுகிறான். கையில் 1,000 வெள்ளி, இழுத்துப் பிடித்தால் 1,200. கடைக்காரர் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) மாறச் சொல்கிறார், நண்பர் இன்டெல்லின் ஐ3-12100எஃப் போதும் என்கிறார், நீங்கள் "இன்டெல்லா ஏஎம்டியா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கடைசி வரியில் "இதற்கப்புறம் ஐந்து வருடத்துக்குக் கை வைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது, மன்னிக்கவும்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஒரு கடையில் பதினோரு வருடம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தவன். இப்போது செலாயாங்கில் வீட்டிலிருந்தே பழுது பார்க்கிறேன், சாமான் விற்பதில்லை, அதனால் எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் இல்லை. எது கெட்டுப்போய் வருகிறது, எதை வாங்கியவர்கள் ஆறு மாதம் கழித்துத் திட்டிக்கொண்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த கேமில் எத்தனை எஃப்பிஎஸ் வரும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கேம் ஆடுகிறவன் இல்லை. அதை உங்கள் மகனே யூடியூப்பில் என்னைவிட நன்றாகத் தேடிவிடுவான்.

முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. கணினியைத் திறந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, எப்போதும் செய்கிற வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு பிராசசர் 20, 30-ல் தூங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் படும் அவஸ்தையில் பாதிக்கு மேல் அந்த ஹார்ட் டிஸ்க்கால் வருவது. 'திறக்கவே ஐந்து நிமிடம்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதனால் பட்ஜெட்டில் முதல் செலவு எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகமான சேமிப்பு, 500 ஜிபி போதும். அதை இன்றே வாங்கிப் பழைய கணினியில் மாட்டினாலும் நாளை புதிய போர்டுக்கு அப்படியே எடுத்துப் போகலாம், ஒரு சென் வீணாகாது. பழைய ஹார்ட் டிஸ்க் மகளின் வீடியோக்களைப் போட்டு வைக்கும் கிடங்காக இருந்துவிட்டுப் போகட்டும். எஸ்எஸ்டி மாட்டியபின் "இது போதுமே" என்று மேம்படுத்தும் எண்ணத்தையே விட்டுவிட்டவர்கள் என் மேசையில் எத்தனையோ பேர்.

ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது, காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்கள் கூடுதலாகப் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். உங்களுடையது ஆறாம் தலைமுறை. "சரி, அதே 1151 சாக்கெட்தானே, எட்டாம் தலைமுறை பிராசசர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிச் செருகினால் ஆயிற்று" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின் எண்ணிக்கை ஒன்றுதான், சிப் உட்காரவும் செய்யும், ஆனால் எச்110 ஆறு, ஏழு தலைமுறைகளோடு நின்றுவிடும். இப்படி வாங்கி ஏமாந்தவர்களை வருடத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். கட்டாயப்படுத்தி விண்டோஸ் 11 ஏற்றும் குறுக்கு வழிகள் இருக்கின்றன, நானே சிலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன், ஆனால் ஐந்து வருடத்துக்குக் கை வைக்கக் கூடாது என்கிறவருக்கு அதைச் சொல்ல மாட்டேன். தவிர விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும், குறுக்கு வழியில் போனால் மகன் வந்து உங்களிடம்தான் நிற்பான்.

ஆகப் போர்டும் பிராசசரும் மாறியே ஆக வேண்டும். இங்கேதான் எல்லோரும் பிராசசரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் ரேமிலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்களிடம் இருப்பது டிடிஆர்4. ஏஎம்5 போர்டுகள் எல்லாமே டிடிஆர்5 மட்டும்தான், டிடிஆர்4 அதில் செருகவே முடியாது, ரேம் குச்சியின் விளிம்பில் உள்ள வெட்டே வேறு இடத்தில் இருக்கும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய வேகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன, மைக்ரான் நிறுவனமே பொதுமக்களுக்கு விற்கும் குரூஷியல் வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இந்த நேரத்தில் 1,200 வெள்ளிக்குள் ஏஎம்5 போர்டு, பிராசசர், டிடிஆர்5 ரேம் மூன்றும் என்றால் மூன்றிலும் மட்டமானதுதான் கைக்கு வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஏஎம்5 நல்ல சாக்கெட்தான், 2027-க்கு அப்பாலும் அதற்குப் புதிய பிராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 2,500 வெள்ளி வைத்திருப்பவர் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் பணத்துக்கு அது சட்டையை வாங்கிவிட்டுக் கால்சட்டைக்குக் கடன் கேட்கிற கதை.

"அப்படியானால் முட்டுச்சந்தில் போய் நிற்கிறோமே, பின்னால் மேம்படுத்த முடியாதே" என்று கேட்பீர்கள். உண்மைதான், டிடிஆர்4 ஏற்கிற ஏஎம்டியின் ஏஎம்4-ம் இன்டெல்லின் எல்ஜிஏ1700-ம் முடிந்துபோன சாக்கெட்டுகள். ஆனால் பதினோரு வருடத்தில் நான் பார்த்தது இது: மலிவாக வாங்குகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட அதே போர்டில் பிராசசரை மட்டும் மாற்றுவதில்லை. ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுகிறார்கள், இப்போது நீங்கள் செய்வது போல. இது என் மேசைக்கு வந்தவர்களை வைத்துச் சொல்லும் கணக்கு, கணக்கெடுப்பு எதுவும் இல்லை.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொன்ன 12100எஃப் நாலு கோர், எட்டு திரெட். கோர் என்பது பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி, திரெட் என்பது ஒரே நேரத்தில் அது எடுத்துக்கொள்ளும் வேலை. உங்கள் பழையதும் நாலு கோர்தான் என்றாலும் இது அதைவிட மிக வேகமானது, அவர் தப்பாகச் சொல்லவில்லை. வெறும் கேமும் இணையமும் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். வீடியோ எடிட்டிங் இருப்பதால் ஆறு கோர் பக்கம் போகச் சொல்கிறேன்: இன்டெல்லில் ஐ5-12400, ஏஎம்டியில் ரைசன் 5 5600. இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். தினசரி வேலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வைத்தால் எது எது என்று எனக்கே சொல்லத் தெரியாது. ரைசன் 5500 என்று ஒன்று கொஞ்சம் மலிவாக இருக்கும், பெயரைப் பார்த்து 5600-ன் தம்பி என்று நினைக்க வேண்டாம். அதன் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் நினைவகம், பாதிதான், 32-க்குப் பதில் 16 எம்பி, கார்டுகளோடு பேசும் பாதையான பிசிஐஇ-யும் 3.0-வோடு நின்றுவிடும். வித்தியாசம் நூறு வெள்ளிக்கு மேல் இருந்தால் பரிசீலிக்கலாம், ஐம்பது வெள்ளிக்காக வேண்டாம்.

என்னுடைய ஓட்டு ஐ5-12400-க்கு, அதுவும் பெயரின் பின்னால் எஃப் இல்லாததற்கு. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மலிவாக இருப்பதால் எல்லோரும் அதை எடுப்பார்கள். ரைசன் 5600-லும் கிடையாது. உங்கள் 1050 டிஐ 2016-ல் வந்த கார்டு. அந்தத் தலைமுறைக்கு என்விடியா வழக்கமான கேம் டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அதன் ஃபேனும் பேஸ்ட்டும் எந்த நிலையில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அது ஒரு நாள் படுத்துவிட்டால், எஃப் பிராசசரோ 5600-ஓ இருக்கும் வீட்டில் திரை கருப்பு, மகள் அசைன்மென்ட்டை நாளைக் காலை அனுப்ப வேண்டும். எஃப் இல்லாத 12400 என்றால் எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் மாற்றிச் செருகினால் வேலை தொடரும். கூடவே அந்த உள் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி இருக்கிறது, பல எடிட்டிங் மென்பொருள்கள் வீடியோவைத் திறக்கவும் ஏற்றுமதி செய்யவும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். தனி கார்டு மாட்டியிருக்கும்போது சில போர்டுகள் அதை அணைத்துவிடும், போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் போய் இயக்கிவிட வேண்டும், மறக்காதீர்கள். ஏஎம்டியில் இதே வசதிக்கு 5600ஜி உண்டு, அதற்கும் 5500 போலவே பாதி கேஷ்தான். எஃப் இல்லாததற்கும் உள்ளதற்கும் வித்தியாசம் நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது என்றால் என் வாதம் பலவீனமாகிவிடும், அப்போது ரைசன் 5600 எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். வாங்கும் வாரத்தின் விலைதான் கடைசியில் முடிவு செய்யும், அதனால்தான் இங்கே ஒரு ரேட்டும் எழுதவில்லை.

இன்டெல்லில் 13, 14-ஆம் தலைமுறை பெரிய பிராசசர்கள் சில நிலையில்லாமல் தொங்கியதைக் கேள்விப்பட்டிருக்கலாம். 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (பிராசசரின் உள் நிரல்) திருத்தமும் விட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. 12400 பன்னிரண்டாம் தலைமுறை, அந்தச் சிக்கலில் வராது.

போர்டு விஷயத்தில் என் பழக்கம், போர்டின் விலை பிராசசர் விலையில் பாதியை ஒட்டி இருந்தால் போதும் என்பது. 12400-க்கு எச்610 போர்டு தாங்கும். அதில் ரேம் செருகும் இடம் இரண்டுதான், போர்டிலேயே நேரடியாகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி பெரும்பாலும் பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் ஓடும், உங்களுக்கு இரண்டும் பிரச்சினை இல்லை. ஐம்பது, அறுபது வெள்ளி கூடப் போட்டு பி660 அல்லது பி760 கிடைத்தால் எடுங்கள், பவர் கொடுக்கும் பகுதியின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இருக்க வாய்ப்பு அதிகம். ஏசி இல்லாத ஹாலில், மதியம் 33 டிகிரியில், கதவு மூடிய மேசை அறைக்குள் கேசிங்கைத் திணித்து வைக்கிற நம் வீடுகளில் அது வெறும் அலங்காரம் இல்லை. ஒன்றை மட்டும் பெட்டியின் மேல் எழுத்தெண்ணிப் பாருங்கள்: அதே எச்610, பி760 பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெயரில் பெரும்பாலும் டி4 என்று ஒரு சின்னக் குறிப்புதான் வித்தியாசம். உங்கள் ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது ரொம்ப நல்லது.

ஏஎம்டி பக்கம் போவதாக இருந்தால் ஏ520, பி450, பி550 என்று மூன்று வகைப் போர்டும் கண்ணில் படும். பி550 மட்டும்தான் கிராபிக்ஸ் கார்டுக்கு பிசிஐஇ 4.0 தரும். உங்கள் 1050 டிஐ 3.0 கார்டு, இன்றைக்கு வித்தியாசம் இல்லை. நாளை மலிவான புதுக் கார்டு வாங்கும்போதுதான் கடிக்கும், ஏனென்றால் மலிவான கார்டுகளில்தான் லேனை, அதாவது பிசிஐஇ பாதைகளின் எண்ணிக்கையை, குறைக்கிறார்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டில் நாலே நாலு லேன், 3.0 போர்டில் மாட்டினால் சில கேம்களில் நன்றாகவே அடி வாங்கும். அப்புறம் பயாஸ். ஒரு பையன் இணையத்தில் பி450 போர்டும் 5600-ம் தனித்தனியாக வாங்கினான், மாட்டினான், ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை. பிராசசர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பி, இரண்டு வாரம் காத்திருந்து, மாற்றி வந்ததும் அதே கதை, அழாத குறையாக என்னிடம் வந்தான். போர்டு பழைய ஸ்டாக், 5000 வரிசை வருவதற்கு முந்தைய பயாஸ். என்னிடம் கிடந்த ஒரு பழைய ரைசன் 2600-ஐ மாட்டி அப்டேட் செய்ததும் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. போர்டில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் பிராசசரே இல்லாமல் பென்டிரைவில் செய்யலாம், மலிவு போர்டுகளில் பெரும்பாலும் அது இருக்காது.

எந்த பிராண்ட் நல்லது என்று கேட்டிருந்தீர்கள். ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஏஎஸ்ராக், நாலும் என் மேசைக்கு வந்திருக்கின்றன, ஆனால் கெட்டவை மட்டும்தானே என்னிடம் வருகின்றன, நன்றாக ஓடுபவை எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரே பிராண்டுக்குள்ளேயே மட்டமான போர்டும் நல்ல போர்டும் உண்டு. உள்ளூர் விநியோகஸ்தரின் வாரன்டி ஸ்டிக்கர் எதில் இருக்கிறதோ அது நல்ல பிராண்ட். ஷாப்பி இணையக் கடையில் எக்ஸ்99 என்று சீனப் போர்டும், இன்டெல்லின் சர்வர் பிராசசரான சியானும் சேர்த்து ஆச்சரியமான விலையில் வரும், பதினான்கு கோர் என்றெல்லாம் போட்டிருக்கும். பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்செட்டைப் புதுப் பலகையில் ஒட்டியது அது. ஆசைக்கு விளையாடிப் பார்க்கிறவர்களுக்குச் சரி, எனக்கும் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 11 பட்டியலில் அந்தச் சியான்கள் இல்லை, கெட்டால் யாரிடம் போவீர்கள்?

ரேம் ஒரே குச்சியாக இருக்கிறதே, அதுதான் நான் அடுத்துக் கை வைக்கும் இடம். இன்னொரு 8 ஜிபி, செகண்ட் ஹேண்ட் ஆனாலும் சரி, சேர்த்தால் 16 ஜிபி ஆவது ஒரு பக்கம், இரண்டு சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓடுவது இன்னொரு பக்கம். உள் கிராபிக்ஸுக்கும் ரைசனுக்கும் அது நன்றாகத் தெரியும். உங்களுடையது 2133 வேகமாக இருக்கும், புதிதாகச் சேர்ப்பது 3200 என்றாலும் இரண்டும் சேர்ந்து மெதுவானதன் வேகத்தில்தான் போகும். பரவாயில்லை, ஓடும். இரண்டு வேறு பிராண்ட் குச்சிகள் ஒத்துப்போகுமா என்பதற்கு மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது, பெரும்பாலும் போகும், போகாததையும் பார்த்திருக்கிறேன். கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்று பவர் சப்ளை. கேசிங்கோடு இலவசமாக வந்ததா? 500 வாட் என்று எழுதியிருக்கும், கையில் எடுத்தால் வெற்று டப்பா போல இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையானால் இடி மின்னல், அடுத்த நாள் காலை என் வீட்டு வாசலில் நாலு கணினி. அப்படிப்பட்ட பவர் சப்ளை போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போகிறதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள 450 வாட் ஒன்று உங்கள் சாமானுக்குத் தாராளம். பணம் பத்தாது என்றால் 12400-ஐ 12100 ஆகக் குறைத்து, மிச்சத்தில் பவர் சப்ளை வாங்குங்கள் என்பேன். அதற்கும் எஃப் இல்லாதது உண்டு. மழை வரும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது இலவசம், மோடத்தின் வயரையும் சேர்த்து.

லோ யாட்டுக்கு வாங்கப் போகும்போது வார நாளில் போங்கள், புக்கிட் பிந்தாங் எம்ஆர்டியில் இறங்கினால் நடந்துவிடலாம், பார்க்கிங் காசு மிச்சம். நுழைந்ததும் "பாஸ், என்ன வேணும்" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், மூன்று கடையில் விலை கேட்காமல் பையைத் திறக்காதீர்கள். போர்டையும் பிராசசரையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே மாட்டித் திரை வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள், பத்து இருபது வெள்ளி கேட்டாலும் கொடுக்கலாம். மாட்டும் முன் எல்ஜிஏ1700 சாக்கெட்டின் பின்களைக் கைபேசி டார்ச் அடித்துப் பாருங்கள். பின் போர்டில் இருக்கிறது, ஒன்று வளைந்தாலும் வாரன்டி போச்சு, "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்று பிறகு சொன்னால் எந்தக் கடையும் கேட்காது. பிராசசர் பெட்டியோடு வாங்குங்கள், கூலர் உள்ளேயே வரும். டிரே என்று தனிச் சிப்பாகத் தந்தால் கூலருக்குத் தனிச் செலவு, வாரன்டி எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பெட்டியைத் திருப்பிப் படித்தால் மலேசியாவில் செய்தது என்று இருந்தாலும் இருக்கும். இன்டெல் தன் நாட்டுக்கு வெளியே முதல் தொழிற்சாலையை 1972-ல் பினாங்கில்தான் தொடங்கியது, ஏஎம்டியும் அதே வருடம் அங்கே வந்தது. பழைய இன்டெல் சிப்களில் 'மலாய்' என்றே பொறித்திருக்கும். அதனால் நமக்கு விலை குறையுமா என்றால், இல்லை.

வீட்டில் மாற்றுவதற்கு முன் விண்டோஸை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வையுங்கள். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய உரிமம் என்றால் புதுப் போர்டுக்குக் கொண்டுபோகலாம், பிராண்ட் கணினியோடு வந்தது என்றால் பழைய போர்டோடு அது முடிந்தது. மகளின் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு விண்டோஸ் 11-ஐப் புதிதாகவே ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே மாட்டினால் சில சமயம் திறக்கும், ஆனால் 2016-ல் ஏற்றியது எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் முறையில் இருந்தால் செக்யூர் பூட் வராது, வாலரண்ட் முரண்டு பிடிக்கும். டிபிஎம்-மை பயாஸில் பிடிடி என்ற பெயரில் தேடுங்கள், ஏஎம்டியில் எஃப்டிபிஎம்.

கழற்றிய ஐ5-6500-ஐயும் எச்110-ஐயும் தூக்கிப் போட வேண்டாம். முடா என்ற இணையச் சந்தையில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் வாங்க ஆள் இருக்கிறது, லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்கள், சின்னக் கடைக்கு பில் போடுகிறவர்கள். பின்கள் மேல் வைக்கும் அந்தக் கருப்பு பிளாஸ்டிக் மூடி புதுப் போர்டில் வரும், பழைய சாக்கெட்டுக்கு அளவு பொருந்தாது, அதனால் பிராசசரைப் பழைய சாக்கெட்டிலேயே விட்டு, கூலரோடு சேர்த்தே விற்றுவிடுங்கள்.